கிணற்றை ஆண்டவர் யார்?

பட்டிமன்றத் தலைப்பு: அரியணையை முடிவு செய்தது போர்க்களமா? மணவறையா?
இடம்: மேல்பட்டாம்பாக்கம்
'மணவறையே' என்னும் அணியில் தமிழ்ப் பேராசிரியர் ஆற்றிய உரை

நடுவர் அவர்களே! எதிரே வாளை உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போர்க்களத்து நண்பர்களே! மாலையும் கழுத்துமாக என் பக்கம் நிற்கும் மணவறை அணியினரே! வயல் வேலையை முடித்துவிட்டும், நெய்வேலியில் ஷிப்டு முடிந்து பஸ் பிடித்தும், பிள்ளை குட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! தாய்மார்களே!

இந்த ஊர் எனக்குச் சொந்த ஊர். சொந்த ஊரில் பேசுவதில் ஒரு லாபம் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. லாபம், கை தட்ட ஆள் தேட வேண்டாம். பாதிப்பேர் சொந்தக்காரங்க. (சிரிப்பு) நஷ்டம் என்னன்னா, நான் ஏதாவது கூட்டிக் குறைச்சுச் சொன்னால், முன் வரிசையில் இருக்கிற என் மாமா எழுந்து, "ஏண்டா, அன்னிக்கு அப்படியாடா நடந்துச்சு?"ன்னு மைக் இல்லாமலே கேட்டுடுவார். அதனால் இன்றைக்கு நான் உண்மையை மட்டுமே பேசுவது என்று முடிவு செய்து வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன செய்தார்? நேராக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். "ஹேஸ்டிங்ஸ் போரைப் பார்! பாஸ்வொர்த் போரைப் பார்! ஒருத்தன் விழுந்தான், இன்னொருத்தன் ஏறினான். இங்கே மணவறை எங்கே வந்தது?" என்று கர்ஜித்தார். நல்ல கேள்வி. வாங்க, நாமும் போய்ப் பார்ப்போம்.

மாமியார் வீடும் மச்சான் வீடும்

1066ஆம் ஆண்டு, அக்டோபர் 14. ஹேஸ்டிங்ஸ் போர். ஹெரால்டு விழுந்தார். நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் வென்றார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்றே லண்டனில் முடிசூடிக்கொண்டார். நண்பர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். கடல் தாண்டி இருக்கிற ஒருத்தனுக்கு அந்த நாற்காலி மேல் என்ன பாத்தியதை?

அந்த ஆண்டு ஜனவரியில் எட்வர்டு என்கிற ராஜா பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். அவருடைய அம்மா எம்மா, நார்மண்டி வீட்டுப் பெண். 1002ஆம் ஆண்டில் இங்கிலாந்து ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அந்த எம்மாவின் உடன்பிறந்தானுக்குப் பேரன்தான் வில்லியம். சரி, எதிர்த்து நின்ற ஹெரால்டு யார்? செத்துப்போன ராஜாவின் மனைவிக்கு அண்ணன் தம்பி முறை. சொந்த மச்சான்!

இப்ப சொல்லுங்க நடுவர் அவர்களே. ஹேஸ்டிங்ஸ் போர் என்றால் என்ன? பெத்தவ வீட்டுக்காரங்களுக்கும் கட்டினவ வீட்டுக்காரங்களுக்கும் நடந்த சண்டை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) இது நம்ம ஊர்ல வாராவாரம் நடக்கிறதுதானே? அவங்க கொஞ்சம் பெரிசா நடத்திட்டாங்க. அறுபத்து நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு மணவறையில் போட்ட முடிச்சு, களத்தில் வந்து இழுபட்டிருக்கிறது.

அடுத்து பாஸ்வொர்த். 1485, ஆகஸ்டு 22. மூன்றாம் ரிச்சர்டு களத்திலேயே மாண்டார். பாவம், அவர் எலும்பு எங்கே கிடைத்தது தெரியுமா? 2012ஆம் ஆண்டில், லெஸ்டர் நகரத்தில், கார் நிறுத்துகிற இடத்தைத் தோண்டினபோது கிடைத்தது. 2015இல் தேவாலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். வென்றவர் ஹென்றி டியூடர். ஆனால் அந்த ஹென்றி களத்துக்கு வருவதற்கு முன்பே, 1483இலேயே, ஒரு சத்தியம் செய்திருந்தார். "எதிராளியான யார்க் வீட்டுப் பெண் எலிசபெத்தை நான் கட்டிக்கொள்கிறேன்" என்ற சத்தியம். ஏன்? களத்தில் ஜெயித்தால் கிரீடம் கிடைக்கும். அது தலையில் நிற்க வேண்டுமே! போர் முடிந்து ஐந்து மாதத்தில், 1486 ஜனவரியில், கல்யாணத்தை முடித்தார். ஒரு வீட்டுக்குச் சிவப்பு ரோஜா, இன்னொரு வீட்டுக்கு வெள்ளை ரோஜா. இரண்டையும் சேர்த்து ஒரே பூவாகச் சின்னம் போட்டுக்கொண்டார். அதுக்கப்புறமும் 1487இல் ஒரு சண்டை வந்தது. நான் மறைக்கவில்லை. ஆனால் எலிசபெத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தபோது, "இவன் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க ஆள் இல்லை. அவன் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை.

இன்னும் ஒன்று சொல்கிறேன். 1513ஆம் ஆண்டு, பிளாடன் என்ற களம். ஸ்காட்லாந்து ராஜா நான்காம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் மேல் படையெடுத்து வந்து, அங்கேயே வெட்டுப்பட்டுச் செத்தார். போர்க்களம் அவருக்குக் கொடுத்தது ஆறடி மண் கூட இல்லை. ஆனால் அதற்குப் பத்து வருஷம் முந்தி, 1503இல், அவர் கட்டிக்கொண்டது யாரை? அதே ஹென்றி டியூடரின் மகள் மார்கரெட்டை. அவர்களுடைய கொள்ளுப்பேரன் 1603இல் இங்கிலாந்துக்கு ராஜாவானான். ஒரு அம்பு பறக்கவில்லை. ஒரு தலை உருளவில்லை. போர்க்களம் தராததை, மணவறை நூறு வருஷம் கழித்து, வட்டியோடு கொண்டுவந்து கொடுத்தது! (கைதட்டல்)

நம்ம மண்ணுக்கு வருவோம்

"ஐயா, அது வெள்ளைக்காரன் கதை. தமிழன் வாளால் ஆண்டவன்" என்று எதிரணியில் ஒரு தம்பி மார் தட்டினார். தம்பி, வாங்க. திருப்புறம்பியம் போவோம். கும்பகோணத்துக்குப் பக்கம். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பாண்டியன் வரகுணன் ஒரு பக்கம். பல்லவன் அபராஜிதன் மறுபக்கம். பல்லவனுக்குத் துணையாக வந்த கங்க அரசன் பிருதிவீபதி அங்கேயே உயிரை விட்டான். பாண்டியன் தோற்றான், பல்லவன் ஜெயித்தான். ஜெயித்த பல்லவன் அப்புறம் எத்தனை காலம் ஆண்டான்? கூட நின்று சண்டை போட்ட ஆதித்த சோழன், கொஞ்ச வருஷத்திலேயே அந்தப் பல்லவனையே முடித்துவிட்டுத் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். ஜெயிச்சவன் போனான், பக்கத்துல நின்னவன் உட்கார்ந்தான்.

தக்கோலம். அரக்கோணத்துக்குப் பக்கம். 949ஆம் ஆண்டு. சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். வென்றவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். "சோழன் கதை முடிந்தது" என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். 985இல் யார் வந்தான்? இராசராசன் வந்தான்!

ஆனால் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். 1054ஆம் ஆண்டு கொப்பத்துப் போர். இராசாதிராசன் யானை மேலே விழுந்தான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் அந்தக் களத்திலேயே முடிசூடி, தோற்க இருந்த போரை வென்றான். அது போர்க்களத்தின் பெருமைதான். எதிரணிக்கு அந்த ஒரு மார்க்கை நானே போட்டுவிடுகிறேன். (சிரிப்பு)

ஆனால் பதினாறே வருஷம். 1070ஆம் ஆண்டு. சோழ நாட்டு அரியணை காலி. வந்து உட்கார்ந்தவர் முதலாம் குலோத்துங்கர். அவர் யார்? தந்தை வழியில் வேங்கி நாட்டுச் சாளுக்கியர். பாட்டி யார்? இராசராச சோழனின் மகள் குந்தவை. அம்மா யார்? இராசேந்திர சோழனின் மகள் அம்மங்காதேவி. மனைவி யார்? கொப்பத்தில் முடிசூடினாரே, அந்த இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகி. பாட்டி சோழ வீடு, அம்மா சோழ வீடு, வீட்டுக்காரம்மாவும் சோழ வீடு! மூன்று தலைமுறை மணவறை சேர்ந்து ஒரு ஆளை அரியணையில் கொண்டுபோய் வைத்தது. அவர் ஐம்பது ஆண்டுக் காலம் அரசாண்டார்.

கெடிலக் கரைக் கதை

இப்போது எதிரணி அம்மையார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி, நெஞ்சில் தைக்கிற கேள்வி. "மணவறைதானே போரைக் கொண்டுவருகிறது? மாப்பிள்ளை உரிமை என்று சொல்லித்தானே சந்தா சாகிப் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு வந்தார்?" என்று கேட்டார்.

உண்மைதான் அம்மா. சந்தா சாகிப், நவாப் தோஸ்த் அலியின் மாப்பிள்ளை. 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் மாண்டார். அதுக்கப்புறம் சண்டை நம்ம வாசலுக்கே வந்தது. 1750இல் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இதோ இருக்கிற திருவதிகையில் சண்டை. 1752இல் பாகூரில் சண்டை. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன், மறு பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டை இங்கிலீஷ்காரன். அதே 1752இல் சந்தா சாகிப்பின் தலை போனது. முகமது அலி நவாப் ஆனார். கழுத்து வரைக்கும் கடனும் ஆனார். 1801இல் நாடு யார் கைக்குப் போச்சு? கம்பெனி கைக்குப் போச்சு! இரண்டு பேர் களத்தில் இறங்கினால் அரியணை மூணாவது ஆளுக்கு. போர்க்களத்தின் தீர்ப்பு இதுதான்.

இதை விடப் பழைய கதை ஒன்று இந்த மண்ணுக்கே உண்டு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கெடிலம் ஓடுகிறது. அந்தக் கெடிலக் கரையில் மேற்கே சேந்தமங்கலம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். கிழக்கே வந்தால் திருவதிகை. இன்னும் கிழக்கே திருவந்திபுரம், திருப்பாதிரிப்புலியூர், கடல்.

அந்தச் சேந்தமங்கலத்தில் இருந்தவன் காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன். சோழனுக்கு அடங்கி இருக்க வேண்டிய சிற்றரசன். 1231ஐ ஒட்டி, வந்தவாசிப் பக்கம் தெள்ளாற்றில், மூன்றாம் இராசராச சோழனைத் தோற்கடித்து, பிடித்துக்கொண்டு வந்து, சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். கடாரம் வரைக்கும் கப்பல் விட்ட குலத்தின் சக்கரவர்த்தி, நம்ம கெடிலக் கரையில் கைதி!

செய்தி கர்நாடகத்துத் துவாரசமுத்திரத்துக்குப் போனது. அங்கே ஹொய்சள மன்னன் நரசிம்மன். சோழர் வீட்டுப் பெண் ஹொய்சளர் வீட்டுக்கு அரசியாகப் போயிருந்த காலம் அது. பெண் கொடுத்து எடுத்த உறவு. "சோழ ராச்சியத்தை மறுபடி நிலைநிறுத்தாமல் விடமாட்டேன்" என்று வஞ்சினம் கூறிப் படையோடு புறப்பட்டான். அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்று இரண்டு தண்டநாயகர்களை முன்னால் அனுப்பினான்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. பெருமையாகத்தான் சொல்கிறது. சிதம்பரத்தில் சாமி கும்பிட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாளையம் இறங்கினார்கள். திருவதிகையை அழித்தார்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல் வரைக்கும், கரையோரப் பட்டினங்களைச் சுட்டார்கள். பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள். குடிதண்ணீர் போகிற கால்வாய்களையும் அழித்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கடல் வரைக்கும் என்றால் எது? நாம இப்ப உட்கார்ந்திருக்கிறோமே, இந்தச் சீமைதான்! சண்டை சோழனுக்கும் காடவனுக்கும். வாய்க்கால் யாருடையது? நம்முடையது. (அரங்கில் அமைதி)

படை சேந்தமங்கலத்தை நெருங்கியதும் கோப்பெருஞ்சிங்கன் சோழனை விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டான். சோழன் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தான். போர்க்களத்து நண்பர்களே, இது உங்களுக்கு வெற்றிதானே? சரி. ராஜா திரும்பி வந்தான். ராச்சியம் திரும்பி வந்ததா? கோப்பெருஞ்சிங்கன் 1243இலிருந்து தன் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கிவிட்டான். 1279ஐ ஒட்டிப் பார்த்தால், சோழனும் இல்லை, காடவனும் இல்லை. பாண்டியன் ஆளுகிறான். அழிந்துபோன வாய்க்காலைத் திரும்ப வெட்டினவன் யாரோ?

எங்கள் வீட்டுக் கல்வெட்டு

வாய்க்கால் என்றதும் எனக்கு எங்கள் வீட்டுக் கிணறு ஞாபகம் வருகிறது. மாமா, கவனமாக் கேட்டுக்கங்க. தப்பு இருந்தா எழுந்திருங்க.

என் தாத்தாவுக்கும் அவருடைய மச்சானுக்கும், அதாவது தாத்தாவின் தங்கை வீட்டுக்காரருக்கும், பொதுவில் ஒரு கிணறு. இறைப்பு முறையில் தகராறு. "உன் முறை செவ்வாய்க்கிழமைதான்." "இல்லை, திங்கட்கிழமை ராத்திரியிலிருந்தே." இவ்வளவுதான் விஷயம். கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். கோர்ட்டு என்ன செய்யும்? வழக்கு முடிகிற வரைக்கும் இரண்டு பேருமே இறைக்கக் கூடாது என்று தடையுத்தரவு வந்தது. ஏழு வருஷம்! கிணற்றில் தண்ணீர் தளும்புது. பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லை காயுது. கரும்பு போட்ட நிலத்தில் முள்ளு முளைக்குது. அண்ணனும் தங்கையும் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஏழு வருஷம் முகம் பார்க்கவில்லை.

கடைசியில் தீர்ப்பு வந்தது. தாத்தா ஜெயித்தார். ஊரெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாராம். தங்கை வீட்டில் மட்டும் வாங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் தங்கை வந்தாள். வெற்றிலைத் தட்டோடு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணன் முன்னால் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "அண்ணே, தீர்ப்பு உங்கிட்ட இருக்கு. பொண்ணு எங்கிட்ட இருக்கு. உன் புள்ளைக்கு எடுத்துக்க. தண்ணி ரெண்டு நிலத்துக்கும் பாயட்டும்."

தாத்தா ஒன்றும் பேசவில்லையாம். ரொம்ப நேரம் கழித்து ஒரு வெற்றிலையை எடுத்தாராம். அந்தப் பிள்ளைதான் என் அப்பா. அந்தப் பெண்தான் என் அம்மா. அந்த வெற்றிலைக்குப் பிறந்தவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். (நீண்ட கைதட்டல்)

கேஸ்ல ஜெயிச்சது எங்க தாத்தா. கிணத்தை ஆண்டது யாரு? எங்கம்மா! (சிரிப்பு) அப்புறம் மோட்டார் வந்தது, பம்ப்செட் வந்தது. சுவிட்ச் எங்கம்மா கையில். எந்த நிலத்துக்கு எப்பத் தண்ணீர் என்பதை அவங்கதான் சொல்லுவாங்க. தாத்தா மறு பேச்சு பேச மாட்டார்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்குக் கைதட்டல். ஆனால் உண்மையை மட்டும் பேசுவேன் என்று சொல்லிவிட்டேனே. நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு நாள் அம்மாவைக் கேட்டேன். "அம்மா, அன்னிக்கு உன்னை யாராவது கேட்டாங்களா? உனக்குச் சம்மதமான்னு?" அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாங்க. முறத்தைக் கீழே வைக்கவில்லை. "யாரு கேட்டா? கேட்கலடா. ஆனா அந்தக் கிணத்துல தண்ணி இறைக்கணும்னா யாராவது ஒருத்தி இந்த வீட்டுக்கு வந்துதானே ஆகணும்"ன்னு சொன்னாங்க.

ஸ்காட்லாந்து போனாளே மார்கரெட், அவளுக்கு அன்று பதின்மூன்று வயது. வேங்கிக்குப் போன குந்தவையை யாராவது கேட்டிருப்பார்களா? போர்க்களத்தின் கூலியை ஊர் கொடுக்கிறது. மணவறையின் கூலியை ஒரு பெண் கொடுக்கிறாள். இதை மறைத்துவிட்டு மணவறைக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நடுவர் அவர்களே, அந்த ஒரு பெண் காலடி வைத்த பிறகு இரண்டு நிலத்துக்கும் தண்ணீர் பாய்ந்தது. படை காலடி வைத்த இடத்தில் வாய்க்காலே இல்லாமல் போனது. இந்தக் கணக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

போர்க்களம் நாற்காலியைக் காலி பண்ணும். அதில் உட்காருகிறவனை, ஊர் "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த உறவைக் கொடுப்பது மணவறை. வில்லியம் கடல் தாண்டி வந்ததும் அந்த உறவைச் சொல்லித்தான். ஹென்றி கிரீடத்தைக் காப்பாற்றிக்கொண்டதும் அதை வைத்துத்தான். குலோத்துங்கருக்குச் சோழ நாடு கிடைத்ததும் அதனால்தான்.

வந்திருக்கிற பெரியவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது அண்ணன் தங்கச்சியோட, மச்சானோட, வரப்புக்கும் கிணற்றுக்கும் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தால், நாளைக்குக் காலையில் ஒரு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கல்யாணம்தான் பேச வேண்டும் என்று இல்லை. பேசினாலே போதும். கல்யாணமே பேசுவதாக இருந்தால், எங்கம்மாவைக் கேட்காமல் விட்ட கேள்வியை உங்கள் வீட்டுப் பெண்ணிடம் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மாமா எழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் நான் சொன்னது எல்லாம் சரிதான். (சிரிப்பு) அரியணையை முடிவு செய்தது மணவறையே, மணவறையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)